சகலைக்குக் கிடைக்காத பாட்டு

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த பெண்ணைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. பெரியவர் என்பதெல்லாம் கூப்பிடும்போது மட்டும்தான் என்பது பெரிய மாப்பிள்ளையின் நெடுநாள் மனத்தாங்கல்.

இவருக்கு ஆஸ்பத்திரியில் பத்தியச் சமையல் வேலை. ரத்தக்கொதிப்புக்காரருக்கு உப்பில்லாமல், குடல் புண் உள்ளவருக்குக் காரமில்லாமல், ஈரல் கெட்டவருக்கு எண்ணெய் இல்லாமல், பல் போனவருக்கு மசித்து என்று காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் சாயங்காலம் வரை எதையாவது போடாமல் சமைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நர்சுகள் 'உப்பில்லாத அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரியமான கேலிதான். ஆபரேஷன் முடிந்து முதல் தடவையாக வாய் திறக்கும் நோயாளி இவர் கொடுத்த கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால், அன்று முழுக்க இவருக்கு நடையே வேறாக இருக்கும்.

சின்ன மாப்பிள்ளை ஓர் இசைக்குழுவில் ஒலியமைப்பாளர். மைக் கட்டுவது, ஸ்பீக்கர் நிறுத்துவது, மேடைக்கு எதிரே பொத்தான் பலகை முன்னால் உட்கார்ந்து ஏற்றி இறக்குவது. வருஷத்தில் பாதி அவர் வெளிநாட்டில். திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு அவர் ஆரம்பிப்பார். பனி விழுகிற ஊரில் யாரோ ஒரு கிழவர் கரியில் சுட்டுக் கொடுத்த இறைச்சி, ஆற்றோரத்தில் பெண்கள் பாடிக்கொண்டே பிழிந்த பழரசம், கல்யாண வீடு என்று தெரியாமல் நுழைந்து விடிய விடிய ஆடிவிட்டு வந்தது. மாமனார் செய்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார். மாமியார் பாதி துடைத்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். அதெல்லாம் போகட்டும். இவருடைய மனைவி, இவர் என்ன சொன்னாலும் 'ம்' கொட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறவள், அங்கே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

அதுதான் இவருக்குப் பொறுக்காது.

சின்ன மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாட்களிலும் நிம்மதி கிடையாது. அவர் இருக்கும் ஊரில் மழை பெய்கிறதா என்று கைபேசியில் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இவருக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது. இடி மின்னலோடு படம் போட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். ஒரு தடவை அப்படி மூன்று நாள் விடாத மழை. இவர் பரம திருப்தியாக இருந்தார். திரும்பி வந்த சின்ன மாப்பிள்ளை, அந்த மழையில் சாலை மூடிப்போய் ஒரு லாரிக் கொட்டகையில் மாட்டிக்கொண்டதையும், டிரைவர்கள் சோளம் சுட்டுக் கொடுத்துத் தகரத்தில் தாளம் போட்டுப் பாடியதையும் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் சொன்னவற்றிலேயே அழகான கதை அதுதான். மழையும் அவர் பக்கம் போய்விட்டது.

இப்படி இருக்கையில் ஒருநாள் சின்ன மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கே தேடி வந்தார். குழுவின் பாடகருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கு டாக்டர் சம்மதித்துவிட்டாராம், ஆனால் வெளிச் சாப்பாடு கூடவே கூடாதாம்.

"நீங்க கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும், அண்ணா. உங்க கையில சாப்பிட்டா அவருக்கு ஒண்ணும் ஆகாது."

இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் தயவில் போவதா என்று ஒரு மனசு முறுக்கிக்கொண்டது. இன்னொரு மனசு, ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கிடந்த பாஸ்போர்ட்டை எப்போதோ எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டது. அன்று சாயங்காலமே லீவு எழுதிக் கொடுத்தார்.

போன இடத்திலெல்லாம் சின்ன மாப்பிள்ளையை ஆட்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். மலையூர் ஒன்றில் மதுக்கடைக்காரி, அவர் படியேறும்போதே கோப்பையை நிரப்பிவிட்டாள். சின்ன மாப்பிள்ளையும் எதையும் தனியாகச் சாப்பிடவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைப் பிய்த்து, ஆவி பறக்க, முதல் துண்டை இவர் கையில் வைப்பார். பிறகு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படி அண்ணா?"

"பரவாயில்ல."

அந்த ரொட்டி பரவாயில்லை ரகம் அல்ல. மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக, கடித்தால் லேசாகப் புகை வாசம் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சப்பென்று சமைத்த மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் அதைச் சின்ன மாப்பிள்ளையிடம் சொல்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம். மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அறைக்கு எடுத்துப்போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தின்றார்.

அடுத்து வந்தது ஒரு துறைமுக ஊர். அங்கே தொடர்ந்து பல நிகழ்ச்சிகள். சின்ன மாப்பிள்ளை ஒவ்வொரு வருஷமும் போகும் சாப்பாட்டுக் கடை ஒன்று மீன் இறங்கும் துறைக்குப் பின்னால் இருந்தது. நடத்துகிறவள் ஐம்பதைத் தாண்டிய, தோளும் கையும் தடித்த ஒரு பெண்மணி. குழுவில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். முதல் நாள் சாயங்காலம் நிற்க இடமில்லை. மூலையில் இரண்டு பேர் கிதார் வாசித்தார்கள். சின்ன மாப்பிள்ளை நுழைந்ததும் கைதட்டல். அவர் போய் அவர்களுடைய மைக்கை ஒரு திருகு திருகிச் சரிசெய்துவிட்டு வந்தார், மறுபடியும் கைதட்டல். பிறகு சூப் வந்தது. அன்று காலை பிடித்த மீன், தக்காளி, பூண்டு, ஏதோ ஒரு கீரைத் தண்டு. ஒரு வாய் குடித்ததும் இவருக்குக் கடைச் சத்தமே கேட்கவில்லை.

"எப்படி அண்ணா? இதுக்காகத்தான் உங்கள இங்க கூட்டிட்டு வரணும்னு இத்தனை நாளா நினைச்சேன்."

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் இவர்.

சின்ன மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. கிளம்பின நாளிலிருந்து இவருக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

தங்கிய விடுதியில் அடுப்பு கிடையாது. அதனால் மத்தியானக் கூட்டம் கலைந்து கடை மூடியிருக்கும் நேரத்தில் அக்காவின் சமையலறையிலேயே பாடகருக்குச் சமைத்துக்கொள்ள சின்ன மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருந்தார். அக்காவுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. முதல் நாள் அவள் கஞ்சியை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, செத்துப்போனவரைப் பார்ப்பதுபோல் சட்டியைப் பார்த்தாள். கை நிறைய உப்பை அள்ளினாள். இவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தன் வயிற்றில் கத்தியால் கீறுவதுபோல் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்த பிறகு அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய அக்கார்டியனை இழுத்தாள். தோளில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்க ஆரம்பித்தாள். இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள் என்பது சங்கீதம் தெரியாத இவருக்கே தெரிந்தது. மெதுவான மெட்டு. படியேறுவதுபோல் மேலே போய், திரும்பி, கொஞ்சம் இறங்கி, பிறகு ஓர் இடத்தில் விரல் தடுக்கி நின்றுவிடும். அவள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அடுப்பில் கஞ்சி கொதித்தது. வெளியே மீன் கூடைகளை அலசும் தண்ணீர்ச் சத்தம். இவர் கரண்டியோடு நின்று, அந்தத் தடுக்கும் இடம் வருகிறதா என்று காத்திருந்தார். வந்தது. நின்றது. இவருக்கு என்னமோ செய்தது.

அன்றிலிருந்து தினமும் சூப்பும் கிடைத்தது, வாசிப்பும் கிடைத்தது. இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. உலகத்தையே தின்று, குடித்து, கேட்டு முடித்த மனிதருக்குத் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பே போதையாக இருந்தது.

ஆனால் ஒருநாள் ஒத்திகை நேரம் மாறிப்போனதைச் சொல்ல சின்ன மாப்பிள்ளை பின்வாசல் வழியாக வந்துவிட்டார். அவர் தலை தெரிந்ததும் அக்கா பட்டென்று நிறுத்தினாள். அக்கார்டியனை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். திரும்பி நடக்கும்போது சின்ன மாப்பிள்ளை கேட்டார்.

"அக்கா வாசிப்பாங்களா?"

"தினமும்."

"இத்தனை வருஷமா வர்றேன், எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு ஏது நேரம்" என்றார் இவர். சொல்லும்போதே உள்ளுக்குள் இனித்தது.

மறுநாள் சின்ன மாப்பிள்ளை, இரண்டு பாஷையும் தெரிந்த வேன் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்து, தனக்கும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டார். அக்கா கையை உதறினாள். அவள் சொன்னதை டிரைவர் சொன்னார்: நீங்க பாட்டுக்காரங்க கூட்டம், தப்பு எங்கன்னு உங்க காதுக்குத் தெரிஞ்சிடும், உங்க முன்னாடி எனக்கு விரல் வராது. அந்தச் சமையல்காரர்னா பரவாயில்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது.

கடைசி வாக்கியம் இவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சின்ன மாப்பிள்ளை எச்சில் விழுங்கியதைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று. இத்தனை காலம் தான் அனுபவித்த வேதனை இன்னொருவர் முகத்தில் எப்படி இருக்கும் என்பதை இவர் அன்றுதான் பார்த்தார்.

அந்த ஊரில் கடைசி நாள். அக்கா வாசிக்கத் தொடங்கினாள். இவர் யதேச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சந்தில், காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே, சுவரோடு சுவராகச் சின்ன மாப்பிள்ளை நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. தலை லேசாக ஆடியது. மெட்டு மேலே போய், திரும்பும் இடம் வரப்போகிறது.

இவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அடுப்பைக் காட்டி, காற்றில் அணைந்துவிடும் என்பதுபோல் ஊதிக் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தாள். அன்று அந்தத் தடுக்கும் இடத்தை அவள் தாண்டினாளா என்று கேட்டால் இவரால் சொல்ல முடியாது. காதில் விழவே இல்லை. கஞ்சியும் அடிப்பிடித்து, வேறு வைக்க வேண்டியதாகிவிட்டது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். இந்தத் தடவை சொல்ல இவரிடமும் கதை இருந்தது. சொன்னார். மீன் சூப் இருந்தது, நன்றாக இருந்தது, ஒரு பெண்மணி இருந்தாள், வாத்தியம் வாசித்தாள். அவ்வளவில் கதை முடிந்துபோயிற்று. மாமனார் "அப்படியா" என்றார். மாமியார் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அண்ணா முக்கியமானதச் சொல்லலியே" என்றார் சின்ன மாப்பிள்ளை.

அவர் சொல்ல ஆரம்பித்தார். உப்பை அள்ளிய கையை அண்ணா எப்படிப் பாய்ந்து பிடித்தார் என்பதில் தொடங்கினார். அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. ஊரே கைதட்டிக் கொண்டாடியும் தனக்கு வாசிக்காத பெண்மணி, பாஷை தெரியாத அண்ணாவுக்குத் தினமும் வாசித்ததைச் சொன்னார். மாமியார் உட்கார்ந்துவிட்டார். இவர் மனைவி இவரைத் திரும்பிப் பார்த்தாள், கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி. அந்தப் பார்வையையும் இவரால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. தன் கதையைக்கூட அந்த மனிதர் வாயால் கேட்டால்தான் நன்றாக இருக்கிறது என்று மனசு பொருமியது.

"கடைசி நாள் சந்துல ஒளிஞ்சு நின்னு கேட்டேன்" என்றார் சின்ன மாப்பிள்ளை. "பாதியில ஜன்னல் சாத்திடுச்சு. காத்து போல."

அவர் இவர் பக்கம் பார்க்கவில்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா. இவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று இவர் மனைவி கேட்டாள். சின்ன மாப்பிள்ளை முனகிக் காட்டினார். கேட்ட வரைக்கும் அச்சு அசலாக வந்தது. பிறகு திரும்பும் இடத்தில், தெரியாததைத் தானாகவே இட்டு நிரப்பி, எங்கும் தடுக்காமல் வழவழவென்று கொண்டுபோய் முடித்தார். எல்லோரும் ஆஹா என்றார்கள்.

"அப்படியில்ல" என்றார் இவர்.

எல்லோரும் திரும்பிப் பார்க்க, இவர் பாட ஆரம்பித்தார். இவர் பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. குரல் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போயிற்று. மாமனார் விட்டத்தைப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. மேலே ஏறி, திரும்பி, கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் நின்றார்.

"இங்க அவங்க விரல் தடுக்கும். திரும்ப முதல்லேருந்து வருவாங்க" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கி இன்னொரு தடவை அதே இடம் வரைக்கும் பாடினார்.

சின்ன மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுருதி அவர் காதை எவ்வளவு அறுத்திருக்கும் என்று இவருக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தில் சுளிப்பு இல்லை. பாட்டு நின்றதும் கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு தடவை, அண்ணா."

இவர் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவரைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் பாடினார்.