பெயர்ந்த இடம்

சூசையம்மாள் தட்டச்சு செய்த தாளில் பிழையே இருந்ததில்லை என்று பள்ளியில் சொல்வார்கள். அது உண்மையில்லை. எல்லோரையும்போல அவளுக்கும் பிழை வந்தது. தவறான எழுத்தைப் பிளேடால் மயிரிழை அளவுக்குச் சுரண்டுவாள். நகத்தின் முதுகால் அந்த இடத்தைத் தேய்த்து மழுப்புவாள். அதன்மேல் சரியான எழுத்தை அடிப்பாள். தலைமையாசிரியை கையெழுத்துப் போடுமுன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சூசையம்மாள் எதிரில் நின்று, அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கணவர் யேசுதாஸ், கே.கே. நகரில் ஒரு மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர். எண்பத்து மூன்றாம் வருடம் மன்றத்துக்கு ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேஜை வந்தது. கூடவே ஆறு கோல்கள். மலிவான சரக்கு. ஆறும் ஒரே அச்சு, கைப்பிடிப் பக்கம் அரக்குச் சிவப்பு. சுவரில் சாத்தி வைப்பார்கள். சரிந்து சிமெண்டுத் தரையில் விழும். விழுந்து விழுந்து கைப்பிடியில் வர்ணம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிட்டது.

பரவையிலிருந்து ஒரு குழு ஆட வருவதாகத் தகவல் வந்ததும் யேசுதாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சொறி புடிச்ச மாதிரி இருக்கு சூசை. இதக் குடுத்து எப்படி ஆடச் சொல்றது?"

"வீட்டுக்குக் கொண்டாங்க, பாப்போம்."

ஸ்கூட்டரின் பின்னால் அவளே உட்கார்ந்து, கோல்களைக் கட்டாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் பிள்ளைகள் வேல் வேல் என்று கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

வளையல் கடையில் நகப்பூச்சு கேட்டாள். "கையக் காட்டுங்கக்கா, நெறத்துக்குத் தோதாத் தாரேன்" என்றார் கடைக்காரர். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோலிலிருந்து உதிர்ந்த ஒரு வர்ணச் சில்லைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். "இதுக்குத் தோதாக் குடுங்க." எந்தக் குப்பியும் சரிப்படவில்லை. இரண்டு குப்பிகள் வாங்கி வந்து, கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தாள்.

முதலில் ஊசி முனையால், தூக்கிக்கொண்டிருந்த ஓரங்களை எடுத்தாள். உறுதியாக ஒட்டியிருந்ததைத் தொடவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பள்ளத்துக்குள் ஈர்க்கு நுனியால் ஒரு சொட்டு. பூச்சு காய்ந்தால் உள்வாங்கும். மறுநாள் அதன்மேல் இன்னொரு சொட்டு. சுற்றியுள்ள வர்ணத்தைவிடச் சற்று மேடாகும்வரை அவசரப்படவில்லை. பிறகு பிளேடு. அதன் இரண்டு மூலையிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டாள். பிளேடின் நடு விளிம்பு மட்டும் மேட்டைச் சீவும், பக்கத்தில் கீறாது. அதற்குப்பின் மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் மட்டும். கடைசியில் மெழுகுவர்த்தி தேய்த்துப் பழைய பனியனால் துடைத்தாள்.

ஆறு கோல்களும் மன்றத்துக்குத் திரும்பிய அன்றே சண்டை வந்தது. வர்ணம் பெயர்ந்த இடத்தை வைத்துத்தான் அவரவர் தங்கள் கோலை அடையாளம் கண்டிருந்தார்கள். இப்போது எது யாருடைய கோல் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளைத்துரை வீட்டுக்கே வந்துவிட்டார். ஆறையும் தோளில் சுமந்து வந்தார். மன்றத்தில் அவரை விட்டால் ஆட்டக்காரர் கிடையாது. ஆரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருந்தார். யேசுதாஸை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அதனால் இவள் தங்கச்சி.

"என்ன தங்கச்சி, இப்படிப் பண்ணிப்புட்ட?"

"என்னண்ணே, வேல சரியில்லையா?"

"வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் ஸ்டிக்குல கட்டவெரல் உக்கார ஒரு பள்ளம் இருக்கும். அதத் தொட்டாத்தான் கை எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும். அதப்போயி அடைச்சுட்டியே! பழையபடி கொஞ்சூண்டு பேத்து விடு."

"மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம ஆட்டம்மா!" என்றார் யேசுதாஸ்.

"பேக்கிறதுக்கு என் கை வராதுங்க. அண்ணே வேணா பேக்கட்டும்." பிளேடை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. எடம் எதுன்னு மட்டும் பாத்துக்கங்க. வேற எடத்துல கீறிப்புட்டு வந்து என்னையச் சொல்லக்கூடாது."

வெள்ளைத்துரை ஒவ்வொரு கோலாக எடுத்துத் தடவினார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கடைசியில் பிளேடை மேஜைமேல் வைத்தார்.

"ஆட்டம் தோத்தா ஒன்னாலதான் தங்கச்சி. சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசையம்மாள் நேராக மன்றத்துக்குப் போனாள். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஆட்டத்தில் வெள்ளைத்துரை தோற்றார். கோல் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்தபடி அவளை ஒரு பார்வை பார்த்தார். யேசுதாஸ் தரையைப் பார்த்தார்.

பரவைக் குழுவின் தலைவர் நல்லகாமன், பெரிய மீசைக்காரர். ஒரு கோலை எடுத்துத் தடவிவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் புதுசா வாங்குனீகளோ? ரொம்ப ஆயிருக்குமே!"

வெள்ளைத்துரை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எவன் வாங்குனான்? ஒடம்பு பூராம் பேந்து கெடந்துச்சு. எங்க தங்கச்சி வேலை அது. எங்க பேந்திருந்துச்சுன்னு காட்டும்யா, ஆட்டத்த ஒமக்கே விட்டுத் தாரேன்."

யேசுதாஸ், "மச்சான்!" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

நல்லகாமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோலைக் குழல் விளக்குக்கு அடியில் பிடித்துச் சுழற்றினார். நகத்தால் நெருடினார். கைப்பிடியின் நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க."

எல்லோரும் சூசையம்மாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்து கோலை வாங்கினாள். அவர் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து மேலே ஓட்டினாள். கீழே ஓட்டினாள். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். ஆம் என்றால் ஆட்டம் போகும். இல்லை என்று சொல்ல அவளிடம் ஆதாரம் இல்லை.

"இருக்கலாம்" என்றாள். மறுபடி தடவினாள். "இல்லாமயும் இருக்கலாம். பூசுன எனக்கே தெரியலைங்க."

நல்லகாமன் கண்ணாடியைக் கழற்றினார். "செஞ்ச ஆளுக்கே தெரியலேன்னா நான் எங்கிட்டுப் போயிக் கண்டுபிடிக்க? ஆடுங்கய்யா" என்றார்.

ஆட்டத்தில் பரவைதான் ஜெயித்தது. மறுநாள் கடைக்கு உரம் வாங்க வந்தவர்களிடம் வெள்ளைத்துரை அதைச் சொல்லவில்லை. கோலைப் பற்றித்தான் சொன்னார். கேட்க நேரமில்லாதவர்களிடமும் சொன்னார்.