கூரையில் காய்ந்த பாட்டரிக் கட்டைகள்

அந்தமானில், மாயாபந்தரில் எங்கள் கடைக்கு டிரான்சிஸ்டர் பாட்டரிக் கட்டை ஏஜென்ஸி கொடுக்கலாமா என்று பார்க்க, மெட்ராஸிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் கப்பலில் வந்தார். வழுக்கைத் தலை, கக்கத்தில் டிரான்சிஸ்டர். எது கேட்டாலும் அதை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

வந்ததும் எங்கள் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கருவாட்டுக்குப் பக்கத்தில் தீர்ந்த கட்டைகளைக் காயப்போட்டிருந்தேன். சூடேறினால் இன்னும் கொஞ்சம் பாடும்.

"ஊரே இப்படிக் காயப்போட்டா புதுசை எவன் வாங்குவான்? ஏஜென்ஸி கிடையாதும்மா."

கட்டை அடுக்க அலமாரியே செய்து வைத்திருந்த என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ரேடியோவில் கப்பல் செய்தி சொல்லும் நேரம். அவர் டிரான்சிஸ்டர் வாய் திறக்கவில்லை. தட்டோ தட்டென்று தட்டினார். சாம்பிள் கட்டைகளும் கப்பலிலிருந்து கரைக்கு வந்த படகில் நனைந்து வீணாகியிருந்தன. நான் கூரைக் கட்டைகளை எடுத்து நீட்டினேன். பெட்டி கரகரத்தது: அவர் திரும்பிப் போகவேண்டிய கப்பல் விடியற்காலையிலேயே புறப்படுகிறதாம்!

"ஏஜென்ஸி உங்களுக்குத்தான். ஆனா இந்தக் கூரைக் கட்டை சமாச்சாரம் கம்பெனிக்குத் தெரியக்கூடாது."

"டீக் ஹை சார்!" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த முறை வந்தபோது அவரே பை நிறையத் தீர்ந்த கட்டைகளை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் வெயில் காட்டுங்கம்மா."

மெட்ராஸில் வெயிலே இல்லையா என்று கேட்க, கூச்சத்தில் எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அதுதான் புரியவில்லை.