ஈக்களைத் துரத்தியது யார்

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் எல்லையை ஒட்டி, கேரளாவுக்குள் இருக்கிற எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் மழை மலையோடு நின்றுகொள்ளும், காற்று மட்டும்தான் இந்தப் பக்கம் வரும். அந்தக் காய்ந்த காட்டில் கிணறு வெட்டினேன். பாறை வந்தது. ஊரே மூடச் சொன்னது. பாறையை உடைத்துக்கொண்டு இறங்கித் தண்ணீர் பார்த்தேன். முந்நூறு தென்னை வைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் வராத வருசங்களில் குடத்தில் ஊற்றிக் காப்பாற்றினேன். மாட்டுச்சாலை கட்டினேன், களம் போட்டேன். மகனைப் படிக்க வைத்துக் கஞ்சிக்கோட்டில் வேலைக்கு அனுப்பினேன். எல்லாம் முடிந்த பிறகு, நாங்கள் குடியிருந்த ஓலைச் சாலை நின்ற அதே இடத்தில், மொட்டைமாடியோடு தார்சு வீடு எழுப்பினேன். பிளான் போட்ட இஞ்சினியர் மாடிப்படியைத் தலை இடிக்கிற மாதிரிப் போட்டிருந்தார். படித்தவர் கண்ணில் படாதது மூன்றாம் வகுப்போடு நின்ற என் கண்ணில் பட்டது. இடித்துத் திரும்பக் கட்ட வைத்தேன்.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்குள் ஈ வந்தது. அதைத் துரத்தினதும் நான்தான். ஆனால் அந்தப் பேர் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, என் மனைவி செத்ததைச் சொல்லாமல் இதை ஆரம்பிக்க முடியாது.

மாசி மாதம் போனாள். அதற்கு முன்னால் இரண்டு மாதம் கிழக்கு அறையில், கட்டிலில் கிடந்தாள். மாடித் தண்ணீர் டேங்குக்கு நேர் கீழே இருக்கிற அறை அது. அன்றைக்கு மதியம், "ஏனுங்க, சித்த நேரம் இங்க உக்காருங்களேன்" என்றாள். "மோட்டார் ஓடிட்டிருக்குது புள்ள, மடை மாத்திட்டு வந்தர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். மடை மாற்றினதோடு வந்திருக்கலாம். ஒரு தென்னைக்குப் பாத்தி உடைந்திருந்தது, அதையும் கட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் மேலுதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கையால் விசிறினேன். பறந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. திரும்ப விசிறினேன். திரும்ப வந்தது. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது, அவள் அதை ஓட்டவில்லை என்று.

கருமாதியன்று காக்கைக்குச் சோறு வைத்தோம். அரிசிபருப்புச் சோறு, நெய், கச்சாயப் பலகாரம், எல்லாம் அவள் பிரியமாகத் தின்றவை. சாதி சனம் அத்தனை பேரும் களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னை மட்டையில் இரண்டு காக்கை உட்கார்ந்திருந்தன. இறங்கவில்லை. மணி பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், "மனசுல என்னமோ வெச்சுட்டுப் போயிருக்குதாட்ட இருக்குது. என்ன கொறைன்னாலும் செஞ்சு தர்றேன்னு சொல்லு, எறங்கும்" என்றார். நானும் சத்தமாகச் சொன்னேன், அவள் பிறந்த ஊர்க் கோயிலுக்குச் சேலை எடுத்து வைக்கிறேன் என்று. ஒரு காக்கை என்னைப் பார்த்தது. பிறகு இரண்டும் எழுந்து பறந்துபோயின. சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவளுக்கு என்ன குறை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். இதை மகனுக்கும் சொன்னதில்லை, மருமகளுக்கும் சொன்னதில்லை. தினமும் மதியம் என் சோற்றில் ஒரு பிடியை இலையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். கைப்பிடிச் சுவர் மேல் வைத்தால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். இத்தனை நாளாகியும் காக்கை தொடவில்லை என்று இன்னொரு தடவை ஊர் பார்க்க வேண்டுமா? எனக்கு மானம் பெரிது. டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உடம்பை ஒடுக்கினால் போகிற அளவுக்குச் சந்து இருக்கிறது. அங்கே வைத்தேன். மறுநாள் போனால் சோறு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். எறும்பு தின்றிருக்கும், வெயிலில் சுருங்கியிருக்கும். அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, வந்துவிட்டுத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அதன் மேலேயே புதுச் சோற்றை வைத்துவிட்டு இறங்குவேன். டேங்க் நிறைந்து வழிகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடும். சாணிக்குழியில் ஈரமும் மக்கினதும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன் நான். அங்கே மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சித்திரையில் ஈ ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் நாலைந்து. பிறகு ஜன்னல் கம்பியெல்லாம் கறுப்பு. கிழக்கு அறையில்தான் ரொம்ப அதிகம். கட்டிலுக்கு மேலே கொடியில் அவள் சேலை ஒன்று கிடந்தது. அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மதிய நேரத்தில் கதவைச் சாத்தினால் உள்ளே ஒரு சத்தம் கேட்கும். நோய்க்காரர்கள் வாயைத் திறக்காமல் முனகுவார்களே, அந்தச் சத்தம். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். உள்ளே போகப் பயம்.

மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். ஈயடிக்கிற கரண்ட் பேட் ஒன்று வாங்கிவந்து வீசினாள். பட் பட்டென்று வெடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

"ஏனுங் மாமா, ஈயடிச்சா உங்களுக்கு ஏன் மூஞ்சி சுண்டிப் போகுது?"

"நாத்தம் புடிக்கல அம்மிணி" என்றேன்.

உண்மை அதில்லை. காக்கை வராத இடத்துக்கு ஈயாவது வந்ததே என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அவள் உதட்டில் உட்கார்ந்த அந்த ஒரு ஈயும் மனசில் நின்றது. யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் எப்படி அடிக்கிறது?

வைகாசியில் மருமகள் பிரசவத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். நானும் மகனும்தான் இருந்தோம். வாழ்க்கையில் அடுப்பு மூட்டாத நான் இந்த வயதில் சோறாக்கக் கற்றுக்கொண்டேன். அரிசிபருப்புச் சோறு என் கையில் நன்றாகவே வரும், மகன் இரண்டாவது தடவை வாங்கித் தின்பான். அதில் ஒரு பிடி மேலே போகும். ஈக்கு மகன் தன்னால் ஆனதெல்லாம் செய்தான். வேப்பந்தழைப் புகை போட்டான், பசை தடவின அட்டை வைத்தான், பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி வாசலில் தொங்கவிட்டான். அட்டை சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும். ஈ குறையாது.

யார் மேலாவது பழி போட்டாக வேண்டுமே. பக்கத்துத் தோட்டத்துக்காரன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். எனக்கு மருமகன் முறை. போய்க் கத்தினேன்.

"உம்பட கோழிப் பீயில மொளைக்கற ஈ பூராவும் எங்கூட்லதான்டா குடியிருக்குது! நீ சம்பாதிக்க நாங்க ஈயோட சோறு திங்கோணுமா?"

அவன் சிரித்தான். "உள்ள வந்து பாருங் மாமா. சுண்ணாம்புத் தூள் போட்டு, தூசி பறக்கற மாதிரி காய வெச்சிருக்கறேன். ஈரம் இல்லாத எடத்துல ஈ எப்படிங் பொழைக்கும்? எந்தோட்டத்து ஈ என்னெய உட்டுப்போட்டு உங்கூட்டுக்கு வருதுன்னா, அங்க விருந்து இங்கத்ததவிடப் பெருசா இருக்கோணும். கல்யாணமா மாமா, எனக்குச் சொல்லவே இல்ல?"

உள்ளே போய்ப் பார்த்தேன். நாலு ஈகூட இல்லை. விருந்து என்று அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். வீடு திரும்புகிறவரை அந்தச் சொல் என்கூடவே வந்தது.

பஞ்சாயத்தில் இருந்து வீடு வீடாகப் பார்க்க வருகிற ஹெல்த் அம்மிணியை மகன் ஒரு நாள் கூட்டிவந்தான். சின்னப் பெண், பாதி மலையாளம் பாதித் தமிழ். மாட்டுச்சாலை, சாணிக்குழி, சாக்கடை எல்லாம் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"பரிசரம், சுத்துப்பக்கம் ஒக்க சுத்தமாத்தான் இருக்குது ஐயா. இங்க எங்கயும் புழு இல்ல. எங்கயோ ஓரிடத்துல முட்டையிட்டுப் பெருகுது. அத எடுக்காம நீங்க எத்தற அடிச்சாலும் தீராது." பிறகு கிழக்கு அறைக் காற்றுத் துவாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மேல என்னங்க இருக்கு?"

"டேங்க். வேற ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு ஏறிப் பாக்கட்டே?"

"படிக்கதவு சாவி மோட்டார் ரூம்ல மாட்டிக்கிச்சு. நான் தெனமும் போறேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அவள் பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புரட்டாசியில் மருமகள் குழந்தையோடு வந்தாள். என் முதல் பேத்தி. ஆரத்தி எடுக்கிற தட்டிலேயே ஈ மொய்த்தது. உள்ளே வந்து, கிழக்கு அறைக் கட்டிலில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, கை கழுவப் போனாள். நான் பக்கத்தில் நின்றேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஈ இறங்கி அதன் மேலுதட்டில் உட்கார்ந்தது. விசிறினேன். பறந்து சுற்றி, அதே இடம். திரும்ப விசிறினேன். திரும்ப வந்தது. குழந்தை அசையவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். வாயில் இருந்து என்ன சத்தம் வந்ததோ, மருமகள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். குழந்தையை வாரி எடுத்தாள். அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"மாமா, கோவிச்சுக்காதீங்க" என்றாள். "இந்த ஈ போற வரைக்கும் புள்ளைய இங்க வெச்சிருக்க மாட்டேன். எப்பப் போகும்னு சொல்லுங்க, அப்ப வர்றேன். போகலீன்னா வரமாட்டேன்." வந்த காரிலேயே திரும்பிப் போனாள். மகன் வாசலில் நின்று, "நானும் அங்கயே இருந்து வேலைக்குப் போயிக்கறனுங்கப்பா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மறுநாள் மதியம் மண்வெட்டி, கூடை, சுண்ணாம்பு எல்லாம் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அன்றைக்குத்தான் முதல் முதலாக அந்தச் சந்தை நேராகப் பார்த்தேன். நான் வைத்த இலை ஒவ்வொன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து முழங்கால் உயரம் வந்திருந்தது. மேலே காய்ந்த தோல். மண்வெட்டியை வைத்ததும் உள்ளே எல்லாம் நகர்ந்தது. வெள்ளையாக, சோறு எது புழு எது என்று தெரியாமல். ஈக்கள் எழும்பி முகத்தில் மோதின. வாந்தி எடுத்தேன். பிறகு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வாரினேன்.

வாரும்போது அவளோடு பேசினேன். "நீ வரவே இல்லியா புள்ள? இத்தன நாளா நான் இதுகளுக்கா சோறு போட்டேன்?" என்றேன். பதில் வரும் என்று நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் ஒரு நிமிசம் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன், அதையும் மறைக்கவில்லை. டேங்க் குழாய் சொட்டுகிற சத்தம்தான் இருந்தது.

கூடை கூடையாக இறக்கினேன். தோட்டத்துக் கடைசியில் இடுப்பளவு குழி வெட்டி, கொட்டி, சுண்ணாம்பு போட்டு, மண்ணை மிதித்து மூடினேன். மூன்று நாள் ஆனது. ஒரு கூலியாளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நாலாம் நாள் சந்தைத் தேய்த்துக் கழுவி, டேங்க் வழிகிற தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டேன். அந்த ஹெல்த் அம்மிணி தந்த பவுடரையும் தூவினேன், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த பத்து நாளில் ஈ பாதியானது, பிறகு கால்வாசியானது, பிறகு எங்கேயாவது ஒன்றிரண்டு என்று ஆனது.

சோறு வைக்கிறதை நிறுத்திவிட்டேன். மதியம் ஆனால் கை தானாக இலையைத் தேடுகிறது. கிழக்கு அறையில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. முன்னே அந்த முனகலுக்குப் பயந்தேன். இப்போது கதவைத் திறந்துவைத்து அது திரும்பக் கேட்காதா என்று நிற்கிறேன். அவள் குறை தீரவில்லை. எந்தக் காக்கையும் அதைத் தீர்க்கப் போகிறதில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு அன்றைக்கு நான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேத்தி வந்துவிட்டாள். அந்தக் கட்டிலில்தான் தூங்குகிறாள். பார்க்க வருகிற சனமெல்லாம், "அத்தன ஈயும் எப்படிப் போச்சு?" என்று கேட்கிறார்கள். மருமகள், "பஞ்சாயத்து அம்மிணி ஒரு பவுடர் குடுத்தாங்க, ஒரே வாரத்துல போயிருச்சுங்க" என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேரைக் கேட்க வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும், அதனால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதியே கொடுத்துவிட்டேன்.

மருமகளே, அம்மிணி, நீ இதைப் படிப்பாய். இனிமேல் யாராவது கேட்டால் பவுடர் என்று சொல்லாதே. ஈயை வரவழைத்தது மாமன்தான் என்று சொல்லு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தச் சந்துக்குள் ஒடுங்கி நின்று மூன்று நாள் தன் கையால் வாரி எடுத்ததும் மாமன்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.