தோற்கட்டும் என்று வேண்டிய கோடை

மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து ஊரான புரோசார்ட்டில் ஒரு கடைவாசலைக் கடக்கும்போது இன்று சூடான பாணும் மஸ்டர்டும் கலந்த வாசம் வந்தது. எனக்கு ஒன்பது வயதான கோடையில் அம்மா வேலை செய்த பேஸ்பால் மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா அங்கே, பாணுக்குள் சொசேஜ் வைத்த ஹொட்டோக் விற்கும் கவுண்டரில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லாததால் கூடவே கூட்டிப்போவார்.

எங்கள் மொன்ட்ரியால் அணி அந்த ஆண்டு தோற்றுக்கொண்டே இருந்தது. அந்தப் பெரிய கூரைக்குக் கீழே மஞ்சள் இருக்கைகள் வரிசை வரிசையாக வெறுமையாய்க் கிடக்க, வந்திருந்த கொஞ்சப் பேர் பக்கத்து இருக்கைகளை மடக்கி மடக்கி அடிக்கும் சத்தம் மேலே மோதித் திரும்பி வர, வாங்க ஆளில்லாததால் அம்மா ஏப்ரனைக் கழற்றாமலே வந்து என்னருகில் உட்கார்ந்து, ஆட்டம் ஒன்றும் விளங்காமல், என் தலையைக் கோதிக்கொண்டிருப்பார். இரண்டு வேலை செய்த அம்மா எனக்குக் கிடைத்தது அந்தப் பிற்பகல்களில் மட்டும்தான். அணி வென்றால் சனம் வரும். அம்மா கவுண்டரை விட்டு வரமாட்டார். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், தோற்கட்டும் என்று முருகனிடம் வேண்டினேன்.

சனம் வராததால் இலையுதிர்காலத்தோடு அணி வேறு ஊருக்குப் போய்விட்டது. அம்மாவின் வேலையும் போனது. சில நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அழுதபடி சொன்னேன்: “அம்மா, எல்லாம் என்னாலதான். அவை தோற்கவேணும் எண்டு நான்தான் கும்பிட்டனான்.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார். பிறகு என்னை இழுத்து மடியில் இருத்தி, “நானும் அதைத்தான் பிள்ளை கும்பிட்டனான்” என்றார்.