தேசாதிபதிகளைப் பிழையாகச் சொன்ன காலம்

எனக்குத் தேசாதிபதிகளைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரத் தேசாதிபதிகளில் ஒருவரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் பிறக்க முன்னரே எல்லாரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆனால் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர்களோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். என் கணவர் விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். மற்ற வாத்திமார் பள்ளிக்கூடம் விட்டால் சைக்கிளில் தனியாக வீட்டுக்கு வருவார்கள். இவர் பின் கரியரில் ஒரு தேசாதிபதியை ஏற்றிக்கொண்டு முரசுமோட்டையில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் உழக்கிக்கொண்டு வருவார்.

சோற்றில் கை வைத்ததும் தொடங்கும். "இஞ்சேரும், நாய்க்கு வரி போட்ட துரை கடைசியில என்ன பாடுபட்டவர் தெரியுமோ?"

"குழம்பில உப்புச் சரியோ? அதை முதல் சொல்லுங்கோ."

"நாய்க்கு மட்டுமில்லையப்பா, சுடுற துவக்குக்கும் வரி, கடைக்கும் வரி. சனம் விடுமே? கலகம் வந்திட்டுது. ஆளைத் திருப்பிக் கூப்பிட்டிட்டாங்கள்."

உப்பைப் பற்றிய பதில் இன்றுவரைக்கும் வரவில்லை.

அந்தத் துரைமாரின் இங்கிலீசுப் பெயர்கள் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை என்று இவரே ஆளாளுக்குப் பட்டம் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் மனிதர்களையே அப்படித்தானே அடையாளம் சொல்கிறோம். மில்லுக்காரர், லொறிக்காரர், ஒற்றைப் பனையடி அக்கா என்றால்தான் ஆள் விளங்கும். அதுபோலக் கண்டிக்குத் தெரு வெட்டியவர் றோட்டுத் துரை. சம்பளமில்லாத கட்டாய ஊழியத்தை நிறுத்தியவர் ஊழியம் விட்ட துரை. அவருக்குச் சில பேர் தள்ளி வந்தவர் இந்த நாய்வரித் துரை. பழைய குளங்களைத் திருத்தியவர் குளத்துத் துரை. நெல்லுக்கு இருந்த வரியை எடுத்துவிட்டவர் நெல்லுத் துரை. வடக்குக்கு ரயில் விட்டவர் கோச்சித் துரை. இடையில் இன்னும் பலர். எல்லாரையும் வரிசையாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய நேரம் நான் கேத்திலை எடுத்தேன், இவர் அந்தக் கொப்பியை எடுத்தார். கேத்தில் வழியில் தொலைந்தது. கொப்பி தொலையவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இவருக்கு ஒரு குணம். பிழையான கதை காதில் விழுந்தால் சும்மா இருக்க மாட்டார். வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் யாராவது, "இரணைமடு வெள்ளைக்காரன் கட்டின குளமல்லோ, அதுதான் இந்த உறுதி" என்றால் போச்சு. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புவார். "வெள்ளைக்காரன் கையெழுத்து வைச்சவன். குளத்தைக் கட்டினது மண் சுமந்த சனம்." தண்ணீர் எப்போது திறப்பது என்று பேசக் கூடிய கூட்டம் அதோடு ஒரு மணித்தியாலம் நீளும். இவர் கூட்டம் நடக்கும் இடத்தின் படலையடிக்கு வரும்போதே, "வாத்தியார் வாறார், ஒருத்தரும் குளம் ஆர் கட்டினதெண்டு கதையாதேங்கோ" என்று ஆளுக்காள் சொல்லிக்கொள்வார்களாம். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

ஓய்வு பெற்று மூன்றாவது வருடம் ஒரு காலையில், முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலக்கை, வலக்கால், வாய் மூன்றும் ஒரேயடியாய்ப் போயின. கிளிநொச்சி ஆசுபத்திரியில் இருந்து வவுனியாவுக்குக் கொண்டு போனோம். மகள் அங்கேதான் கல்யாணம் முடித்திருக்கிறாள், அதனால் எனக்குத் தங்க இடம் இருந்தது. கால் மெல்ல மெல்ல வந்தது. பொல்லு ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. நான் சொல்வதெல்லாம் விளங்கும். தலையை ஆட்டுவார், கண்ணால் கேட்பார். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை ஒருத்தி என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினாள். "ஐயாவின்ரை புத்தி நல்லா இருக்குது அம்மா. சொல்லு வெளிய வாறதுக்குத்தான் வழி அடைபட்டுப் போச்சு. இந்த முதல் கொஞ்ச மாசம்தான் முக்கியம். விட்டிட்டால் பிறகு கஷ்டம். ஒவ்வொரு நாளும் கதைக்க வையுங்கோ."

"வராட்டி?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. வாய் மூடு என்று நான் எத்தனை தரம் இந்த மனிதரிடம் சொல்லியிருப்பேன்! சாமியே, நான் சும்மா சொன்னதை நீ ஏன் எடுத்துக்கொண்டாய் என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து எல்லாம் செய்து பார்த்தோம். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னேன். கிழமைகளைச் சொல்லச் சொன்னேன். தேவாரம் பாடினேன், அவர் அழுதார், பாடவில்லை. பூனை, கோப்பை, குடை என்று படம் போட்ட மட்டைகள் தந்திருந்தார்கள். அவற்றை இடக்கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டார். முப்பது வருடம் படிப்பித்தவருக்குப் பூனைப் படம் காட்டினால் கோபம் வராதா?

மனப்பாடமாக்கியது சில நேரம் தன்பாட்டில் வரும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். இவருக்குப் பாடமானது என்ன என்று எனக்குத் தெரியாதா? கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு காலையும் தேநீர் கொடுத்த பின், முதல் தேசாதிபதியிலிருந்து கடைசித் தேசாதிபதி வரைக்கும் வரிசை பிசகாமல் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வாசித்து முடித்ததும் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். ஒரு மாதம் வாசித்திருப்பேன். ஒரு எழுத்துக்கூட வரவில்லை. எனக்கு நாள் போகப் போகப் பயம் பிடித்தது.

பிறகு ஒரு மத்தியானம். அன்று முழுக்க எனக்கு எரிச்சல். தேங்காய் அழுகல், மோட்டரில் தண்ணீர் ஏறவில்லை, இவர் வேறு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சாப்பிட மாட்டேன் என்று இருந்தார். குசினிக்குள் அடுப்படியில் நின்று கத்தினேன்.

"சாப்பிடுங்கோ பாப்பம்! இரணைமடுவைக் கட்டின குளத்துத் துரை மட்டும் இல்லாட்டி உங்களுக்கு இந்தச் சோறே இல்லை, தெரியுமோ?"

வேண்டுமென்றே சொல்லவில்லை. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தத் துரைக்கும் இரணைமடுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதெல்லாம் அப்போது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. திரும்பிப் பார்க்கிறேன், மனிதரின் முகம் சிவந்து போயிருக்கிறது. இடக்கையால் மேசையில் அடிக்கிறார். வாய் கோணுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது.

"ச... ச... சனம்!"

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. "என்ன? என்ன சொன்னீங்கள்?"

"சனம்!" என்றார் மறுபடி. கோபம் தீராமல் இன்னொரு தரம் சொன்னார்.

வேலியடிக்கு ஓடினேன். "பிள்ளை, இவர் கதைச்சிட்டார்!" பக்கத்து வீட்டுப் பெண் கழுவிய உடுப்பும் கையுமாக ஓடி வந்தாள். "என்னக்கா சொன்னவர்?"

"சனம் எண்டு சொன்னவர். இரணைமடுவைக் கட்டினது சனமாம்."

"அட கடவுளே, அது இவர் எப்பவும் சொல்லுறதுதானே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளும் அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சரியாக வாசித்தால் இந்த மனிதருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பிழையைக் கண்டால்தான் அவருக்கு வாய் திறக்கும். அடுத்த நாள் காலையில் தேநீரைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன், "நாய்வரித் துரைதானே கோச்சியும் விட்டவர்?"

"இ... இல்லை."

"பின்ன ஆர்?"

"பி... பிறகு. பிறகு!" கோச்சி விட்டவர் பிறகு வந்தவராம்.

பிழையாகச் சொல்வதென்றால் லேசான வேலை என்று நினைக்கிறீர்களா? சரி எதுவென்று தெரியாமல் நல்ல பிழை சொல்ல முடியாது. மத்தியானம் அவர் நித்திரை கொள்ளும்போது நான் கொப்பியை வைத்துக்கொண்டு படித்தேன். நெல்வரி கட்ட முடியாமல் எத்தனை பேரின் காணி ஏலத்துக்குப் போனது என்று அப்போதுதான் அறிந்தேன். தேசாதிபதி கொழும்பில் கையெழுத்து வைக்க, வன்னியில் காய்ச்சலோடு குதிரையில் திரிந்து அதை நடத்திய சின்னத் துரைமாரைப் பற்றியும் இவர் எழுதியிருந்தார். அவர்களில் சிலர்மேல் எனக்கே பாவம் வந்தது. இவர் வாயால் சொன்ன காலத்தில் ஒரு நாளாவது நான் காது கொடுத்திருக்கலாம்.

ஒரு தரம் பிழை அளவுக்கு மீறிப் போனது. போர்த்துக்கேயர் பிளேனில் வந்து இறங்கியவர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வாயைத் திறக்கப் போனார், பிறகு மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அவரை வைத்து விளையாடுவதாக விளங்கிவிட்டது. இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்கு நன்றாக வேண்டும். அன்றிலிருந்து, ஒரு மனிதர் உண்மையில் விடக்கூடிய பிழையை மட்டும்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

வவுனியாவுக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். பேச்சுப் பயிற்சிப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல வேலை அம்மா. துரைமார் போதும், இனி ஐயாவின்ரை சொந்தச் சீவியத்தையும் இதுக்குள்ள கொண்டு வாங்கோ. அப்பத்தான் வீட்டுக் கதை வரும்."

அப்படித்தான் வெண்டிக்காய் வந்தது. "உங்களுக்குக் கத்தரிக்காய்தானே விருப்பம்" என்றேன், "வெண்டி" என்றார். மகள் பிறந்தது பகலிலே என்றேன், "விடிய" என்றார். இரண்டு சொல் சேர்ந்தது, மூன்று சொல் சேர்ந்தது. சில நாள் ஒன்றும் வராது. தோளைத் தொட்டால் தட்டிவிடுவார். அப்படியான நாளில் நான் குசினிக்குள் போய் இருந்துவிடுவேன்.

போன ஆவணியில் என் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். கார்டு வந்திருந்தது. நான் மடியில் சுளகை வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டு, பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல், பழைய கதை ஒன்றைச் சொன்னேன். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

"உங்கட அம்மா அக்காவையல்லோ பாக்க வந்தவா. அக்காவுக்கு வேற இடம் சரிவந்திட்டுது. சரி, இவளெண்டாலும் இருக்கட்டுமெண்டு என்னை உங்கட தலையில கட்டினவா. நீங்களும் அம்மா சொன்னதுக்குத் தலையாட்டினீங்கள்."

மனவருத்தத்தில் சொல்லவில்லை. அந்த வருத்தமெல்லாம் முதல் சில வருடங்களில் இருந்து, பிறகு பழகிவிட்டது. அக்காவின் இடத்துக்கு வந்தவள் நான். அதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

கதிரைக் கையில் அவர் அடித்தார்.

"பிழை."

"என்ன பிழை?"

"நான்... கேட்டனான்."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

வாய் கோணியது. கண்ணை இறுக மூடித் திறந்தார். "உம்மை. உம்மைத்தான். அம்மா... வேண்டாம் எண்டவா. திரும்ப... கேட்டனான். மூண்டு தரம்."

சுளகு என் மடியில் அப்படியே கிடந்தது. வாதம் வந்தவர்கள் சில நேரம் ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்வார்கள் என்று எச்சரித்திருந்தார்கள். ஆனால் இவரின் முகத்தை நான் அறிவேன். கமக்காரர் கூட்டத்தில் எழும்பி நிற்கும்போது இருக்கும் அதே முகம். ஒரு தேசாதிபதி ஒரு வருடம் முந்தி வந்ததாகச் சொன்னாலும் பொறுக்காத மனிதர், என்னைப் பற்றிய பிழையை முப்பத்திரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்ல விட்டிருக்கிறார்!

எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"இதை ஏன் நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்துவிட்டு, "நீர்... கேக்கேல்லை" என்றார்.

"தேசாதிபதிமாரை நான் கேட்டனானே? அவங்களை மட்டும் சோத்துக் கோப்பைக்கு முன்னால வைச்சு வைச்சுச் சொன்னீங்களே!"

கோணிய வாயால் சிரித்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுளகைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"சரி, இப்ப கேக்கிறன்," என்றேன். "முதல் தரம் கேட்டதில இருந்து சொல்லுங்கோ."