மூன்று வருடம் கழித்து வேண்டிய வீடு

சிங்கப்பூரில் வீடு வாங்கித் தரும் ஏஜண்ட் நான். அந்தத் தம்பதி என்னிடம் வந்தபோது மனைவி இன்னும் நடந்துகொண்டிருந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். பாலர் பள்ளி ஆசிரியர் வேலையை அப்போதுதான் விட்டிருந்தாள். கணவர் பேருந்து ஓட்டுநர். புக்கிட் பாத்தோக்கில் அவர்கள் இருந்த பழைய அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டிலிருந்து வீட்டுக்கு அரைமாடி ஏற வேண்டும்.

ஆறு வீடு பார்த்தோம். கணவர் காற்று வருகிறதா என்று பார்ப்பார். அவள் என்னைக் கழிவறைக்குக் கூப்பிடுவாள்.

"இந்தக் கதவ அளங்கக்கா. என்னைத் தூக்குறதுக்கு ஒரு ஆள் பக்கத்துல நிக்க முடியுமா?"

பிடோக்கில் ஒரு வீடு அமைந்தது. வாசல்வரை ஒரு படி கிடையாது. கழிவறையைப் பெரிதாக்கவும் வழியிருந்தது. கணவருக்குப் பிடிக்கவில்லை. சிராங்கூனில் பார்த்த பத்தாம் மாடி வீட்டையே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே கழிவறைக்குப் படி ஏற வேண்டும்.

"ஏன் சிஸ்டர் ஆஸ்பத்திரி மாதிரி வீடா காட்டுறீங்க? புது மருந்து ஆரம்பிச்சிருக்கோம். அவளுக்கு நல்லாயிடும் லா."

"நல்லாகாது," என்றாள் அவள். "மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. மூணு வருஷத்துல என்னால கரண்டிகூடப் பிடிக்க முடியாது."

வீட்டை விற்கும் அம்மா காப்பித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். வெகுநேரம் வரவில்லை.

"மிச்சத்தையும் அளந்துடுங்கக்கா," என்றாள்.

அந்த பிடோக் வீட்டையே வாங்கினார்கள். சாவி வாங்கும்வரை கணவர் என்னோடு பேசவில்லை.

மூன்று வருடம் ஆகவில்லை. பாதியிலேயே அவள் சொன்னதெல்லாம் வந்துவிட்டது. நான் பார்க்கப் போனபோது அவர் வேலையை விட்டிருந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். என்னை வெளி நடைபாதைக்கு அழைத்து வந்து சொன்னார்.

"அன்னைக்குக் கீழ போனேன்ல சிஸ்டர், பஸ் ஸ்டாப்ல உக்காந்திருந்தேன். அப்படியே எங்கயாச்சும் போயிடலாம்னுதான் நெனச்சேன். ரெண்டு பஸ் வந்துச்சு, ஏறாம விட்டுட்டேன்."

 

உள்ளே போனோம். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடியும் சொன்னாள். வெட்கத்தோடு அவரைப் பார்த்தேன்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறா."

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்.