பொட்டு இருந்த இடம்

கல்யாணமாகி ஆவடிக்கு வந்த புதிதில் எனக்குப் பிடித்த கடை ஒன்றே ஒன்றுதான். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், வளையலும் ரிப்பனும் தொங்கும் ஒரு ஃபேன்சி ஸ்டோர். அங்கே சாந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும். சிவப்பு, அரக்கு, கறுப்பு, பச்சை, நீலம். மூடியிலேயே குச்சி இருக்கும். அதைத் தொட்டு நெற்றியில் வைத்தால் ஒரு நிமிடத்தில் காய்ந்து, வியர்த்தாலும் அழியாமல் சாயங்காலம் வரை நிற்கும். எண்பதுகளின் பின்பாதி அது. புடவைக்கு ஏற்ற நிறத்தில் பொட்டு வைக்காதவள் நாகரிகம் தெரியாதவள் என்று நாங்கள் நம்பிய காலம். நான் மட்டும் குறைந்து போவேனா? நீலப் புடவைக்கு நீலத்தில் ஒரு சொட்டு, அதன் கீழே சிவப்பில் ஒரு புள்ளி என்று கண்ணாடி முன் நின்று சித்திரம் எழுதுவேன். என் கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். "நெத்தியில கோலப்போட்டி நடக்குதா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

நான் சொல்லப்போவது நடந்தபோது மகளுக்கு மூன்று வயது. சின்னக் குழந்தையாக இருந்தபோது என் அம்மா ஜவ்வரிசியைக் கருக்கிச் செய்து அனுப்பிய சாந்தைத்தான் அவளுக்கு வைத்தேன். அது தீர்ந்ததும் கடைக் குப்பியின் கறுப்புக்கு மாறிவிட்டேன். குச்சி அவளுக்குக் குத்தும் என்று மோதிரவிரலால் தொட்டுத்தான் வைப்பேன். நெற்றியில் ஒன்று. வெளியே கிளம்பினால் கண் படாமலிருக்க இடது கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று.

முதலில் வந்தது அரிப்பு. ஆவடி வெயிலுக்கு அரிக்காத உடம்பு எது என்று விட்டுவிட்டேன். பொட்டைத் துடைத்த துண்டில் ஒட்டிய சிவப்பு எந்த சோப்புக்கும் போகாது. துண்டைத்தான் திட்டினேனே தவிர, துணியை இந்தப் பாடு படுத்துவது தோலை என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஒரு காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், பொட்டு வைக்கும் இடத்தில் மிளகளவுக்கு வெளுப்பு. சோப்பு நுரை என்று துடைத்தேன். போகவில்லை. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். சுற்றிலும் சிவந்ததே தவிர, நடுவில் வெள்ளை அப்படியே இருந்தது.

நான் வளர்ந்த தெருவில் ஒரு பெண் இருந்தாள். கையிலும் உதட்டிலும் வெள்ளை. அவள் தொட்ட குடத்தை யாரும் தொடமாட்டார்கள். அது ஒட்டிக்கொள்ளும் நோயே இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளையும் அவள் தங்கைகளையும் பெண் கேட்டு யாரும் வரவில்லை என்பதுதான். அந்த நோயின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கக்கூடப் பயந்தேன். மறுநாள் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டேன்.

வெள்ளை வளர்ந்தது. நானும் விடாமல் பொட்டை வளர்த்தேன். மிளகு பட்டாணியாகி, பட்டாணி கால் ரூபாய்க் காசாயிற்று. எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரி பக்கத்துக் கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவாள். "இன்னாக்கா, அம்மன் மாரி ஆயிக்கினே வரே?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சீயக்காயை அலசி, முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கினேன். அவள் நெற்றி நடுவில் கடுகளவுக்கு ஒரு வெள்ளை. கையிலிருந்த சொம்பு நழுவித் தரையில் விழுந்து உருண்டது. விளையாட்டு என்று நினைத்து அவள் கைதட்டினாள்.

என்னுடையது என்னோடு போகட்டும் என்று வைத்திருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் அத்தோடு போயிற்று. இது ரத்தத்தில் வருவது, என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இது முகமெல்லாம் பரவும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், நாளைக்கு யார் வந்து இவளைக் கேட்பார்கள் என்று அடுப்படியில் நின்றபடியே அவளுடைய முழு ஆயுளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. ஊர்க் கண்ணெல்லாம் இவள்மேல் பட்டுவிட்டதோ என்றும் ஒரு எண்ணம். அன்று முதல் அவள் நெற்றியில் கறுப்பைப் பெரிதாக வைத்தேன். கன்னத்துப் பொட்டை, வெளியே போகாத நாளிலும் வைத்தேன்.

கணவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவரே அவளுக்கு முகம் கழுவிவிட்டு, "இங்க வா, இது என்ன?" என்று கூப்பிட்டார். நான் என் பொட்டைத் தேங்காய் எண்ணெய் தொட்டு அழித்துவிட்டு அவர் முன்னால் நின்றேன். என் நெற்றியைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். "சட்டை மாத்திட்டு வரேன், கிளம்பு" என்றார்.

பூந்தமல்லியில் ஒரு தோல் மருத்துவர் இருந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

"ரெண்டு விதமா இருக்கலாம்மா. பொட்டுல இருக்கற சாயமோ, அதுல கலந்த வேற ஏதோ, தோலோட நிறத்தைக் கொன்னுடறது உண்டு. அப்படின்னா நிறுத்தினா நிக்கும். இல்லைன்னா, நீங்க பயப்படறீங்களே, அதுவா இருக்கலாம். அப்படின்னா பொட்டே வைக்காத எடத்துலகூட வரும். இப்பவே சொல்ல முடியாது. ரெண்டு பேரும் நெத்தியில எதுவும் வைக்காதீங்க. குங்குமமும் வேண்டாம். குழந்தைக்குப் புதுசா எங்கயாவது வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

அன்றிரவே குப்பிகளையெல்லாம் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேலையே அவள் உடம்பில் வெள்ளையைத் தேடுவதுதான். காலையில் எழுந்ததும் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து காது மடல், விரல் இடுக்கு, முழங்கால் என்று சோதிப்பேன். பால் குடித்து உதட்டில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தே ஒருமுறை அலறியிருக்கிறேன்.

என் வெறும் நெற்றி இன்னொரு பயம். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலி, வேலூர், மதுரை என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எந்த ஊராக இருந்தால் என்ன, கேள்வி ஒன்றுதான். ஒரு அம்மாள் நேராகவே, "மாதா கோயிலுக்குப் போக ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரிக்குத் தாங்கவே இல்லை. "இன்னாக்கா இது, அண்ணன் நல்லா கீறப்பவே நெத்திய மூளியா வச்சிக்கினு கீறே? கொயந்தைக்காவது ஒரு பொட்டு வெய்யி" என்றாள். கணவர் இதைக் கேட்டுவிட்டு, "நான் உயிரோடதான் இருக்கேன்னு கழுத்துல ஒரு அட்டை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போகவா?" என்றார். சிரித்துத்தான் சொன்னார். ஆனால் தொழிற்சாலைச் சங்கு நேரம் தப்பி ஊதினால் என் கை தானாக நெற்றிக்குப் போகும். அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்வரை வாசலை விட்டு நகரமாட்டேன்.

அப்படிப் பயந்துகொண்டே இருந்தபோதுதான் அது வந்தது. மகளின் இடது கன்னத்தில், பொட்டே இல்லாத வெறும் கன்னத்தில், ஒரு வெளுப்பு. ஜன்னலண்டை தூக்கிப் போனேன். வெளுப்புதான். டாக்டர் சொன்ன இரண்டாவது விதம். பொட்டு வைக்காத இடத்தில் வந்துவிட்டது. சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். என்ன ஏது என்று தெரியாமல் அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பூந்தமல்லி போகலாம் என்று அவளுக்குப் புது கவுன் போட்டு, தலை வாரினேன். வாரி முடித்ததும் எப்போதும் போல அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். என் மோதிரவிரல் தானாக நீண்டு அவள் கன்னத்தில் போய் நின்றது. விரலில் சாந்து இல்லை, வெறும் விரல். அது சரியாக அந்த வெள்ளையின் மேல் நின்றிருந்தது.

விரலை எடுத்தேன். மறுபடி வைத்தேன். அதே இடம். அந்த இடத்தைத் தேடிப் போனது நோய் இல்லை, என் விரல். மாதக்கணக்கில் கண் படக்கூடாது என்று நான் கறுப்பு வைத்த இடம் அது. அந்த இடத்தை எப்படி மறந்தேன்? பொட்டு என்றாலே நெற்றி என்றுதான் டாக்டர் பேசினார், நானும் அப்படியே கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படியானால் மூன்றாவது பொட்டு? அவளைப் பாயில் தள்ளி, காலைப் பிடித்துத் தூக்கினேன். கூசுகிறது என்று உதைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளங்காலில் வெள்ளை இருக்க வேண்டும், இருந்தே ஆகவேண்டும் என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பெற்ற பெண்ணின் உடம்பில் குறை வேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? நான் வேண்டினேன். உள்ளங்கால் எப்போதும் போல இருந்தது. ஏறின உயிர் மறுபடி இறங்கிவிட்டது.

டாக்டரிடம் போய், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ளங்கால் தோல் தடிம்மா. முகத்துத் தோல் மாதிரி அது காட்டாது. கன்னத்துலயும் வச்சீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? அனேகமா பொட்டுதான். நிறுத்தின பிறகும் சில நாள் கழிச்சு வெளுப்பு தெரியறது உண்டு." அனேகமா என்ற அந்த ஒரு வார்த்தையை நான் வீடு வரைக்கும் மென்றுகொண்டே வந்தேன். குப்பியில் என்ன சாயம் என்று எழுதியிருக்கிறதா பார்க்கச் சொல்லியிருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிரிக்கிற பெண் படமும் விலையும்தான் இருந்தன.

குப்பியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் குப்பியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தோ பாரும்மா, ஊர்ல கீற பொம்பளைங்க அத்தினி பேரும் இத்ததான் வாங்கினு போறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணியும் ஆவல. உள்ள இன்னா கலரு போட்டுகீறான்னு எனுக்கு எப்டி தெரியும்?"

அவர் சொன்னது பொய் இல்லை. அவருக்குத் தெரியாது. வாங்கின எங்களுக்கும் தெரியாது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு அரக்கும் ஒரு பச்சையும் வாங்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மகளின் நெற்றி வெள்ளைக்குள் பழுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. புது நோய் என்று மறுபடி ஓடினேன். நிறம் திரும்புகிறது என்றார் டாக்டர். அப்போதுதான் அந்த அனேகமாவை விட்டேன். கன்னமும் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டது. என் நெற்றி மட்டும் திரும்பவில்லை. அது போனால் போகட்டும்.

அதற்கடுத்த வருஷம் அம்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு நின்றாள். அவள் நெற்றியில் அகலமாக, ரத்தச் சிவப்பில் சாந்துப் பொட்டு. என் வெள்ளையைப் பார்த்ததும் அவள் கை பாதியில் நின்றது. தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சமாளித்துக்கொண்டு, குங்குமத்தைத் தொட்டுக் குழந்தை பக்கம் குனிந்தாள். மகள் இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டு வீறிட்டாள்.

"வோணாம்! வெள்ளையா பூடும்! எங்கம்மாவுக்குப் பொட்டு வச்சுதான் வெள்ளையாச்சு. உனுக்கும் ஆவும்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். தோளில் அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று அவள் எதிரிலேயே நான் அழுததெல்லாம் அவளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

பந்திக்குமுன் அவளுக்குக் கை கழுவிவிடப் போனேன். குழாயடியில் கண்ணாடி முன்னால் அந்தத் தட்டுக்கார அம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பின் நுனியை ஈரமாக்கி, தன் பெரிய பொட்டின் ஓரத்தை மெதுவாகத் துடைத்து, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அங்கேயே அசையாமல் நின்றுவிட்டாள்.

அந்தப் பொட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளின் கையைக்கூடக் கழுவாமல் அவளைத் திருப்பி அழைத்துக்கொண்டு பந்திக்குப் போனேன்.